மெழுகு காட்டிய வழிக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் ஒன்பது நாட்கள் நடந்த என் முதல் தனிக் கண்காட்சி சென்ற ஞாயிறன்று நிறைவுற்றது. ஓவியம் படித்தவள், மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிக்கும், அங்கிருந்து வெண்கல வார்ப்புக்கும் ஏன் போனாள் என்று வந்தவர்களில் பலர் கேட்டார்கள். நான் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. எட்டு வயதில் கையில் எடுத்த மெழுகை இன்னும் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான். அதை வைக்கவிடாமல் காத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி அம்மாவுக்கு. மின்சாரம் நின்ற ஓர் இரவில், வீட்டுக் கணக்கு நோட்டில் மெழுகுவத்தித் துண்டால் நான் கிறுக்கிய பக்கத்தின்மேல், மறுநாள் அண்ணனின் மைப்புட்டி கவிழ்ந்தது. மை ஒட்டாமல் விலகிய இடத்தில் ஒரு யானை வெள்ளையாய் எழுந்து நின்றது. அம்மா கோபிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு, மிச்சமிருந்த மையை என்னிடமே கொடுத்தார்.

அரசுப் பள்ளியில் எனக்கு ஓவியம் கற்பித்த ஐயா, 1850இல் தொடங்கிய சென்னைக் கவின் கலைக் கல்லூரியைப் பற்றிச் சொன்னதோடு நில்லாமல், விண்ணப்பத்தைத் தாமே நிரப்பி, தேர்வுக்கும் என்னை அழைத்துச் சென்றார். அவர் இல்லையேல் இந்த மடலே இல்லை.

சென்னையில் பாத்திக் கற்றுத்தந்த அக்காவின் கொல்லைப்புறத்தில்தான் அந்த யானை எப்படித் தோன்றியது என்பது எனக்கு விளங்கியது. உருக்கிய மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. தேன்மெழுகு துணியோடு வளைந்து கொடுக்கும், பாரஃபின் மெழுகு வெடித்து நரம்பு போன்ற கோடுகளைத் தரும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில் இருக்கிறது அந்தக் கலை. கைவினை என்று சிலர் அதைத் தாழ்த்திப் பேசியபோது நான் தளர்ந்ததுண்டு. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைப்பதற்குப் பாத்திக் போன்ற கைவினைகளை விற்ற பணமே துணைநின்றது என்பதை எடுத்துச் சொல்லி, என்னை நிமிர வைத்தவர் அக்கா.

வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதி ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பட்டறையில் நுழைந்த முதல் நாள், அவர் தென்னையோலைக் கீற்றை மடித்து மடித்துச் சிலைக்கு அளவு குறித்தார். தாத்தா அதே ஓலையில் எனக்கு ஊதலும் கைக்கடிகாரமும் செய்து தந்தவர் என்பதால், என் விரல்களுக்கு அந்த மடிப்பு முன்பே பழகியிருந்தது. அதைக் கண்டுகொண்ட ஐயா, தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் கலந்த உருண்டையொன்றை என் கையில் வைத்தார். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மேலே மண் அப்பிக் கம்பி கட்டிச் சூடேற்றினால் மெழுகு வழிந்தோடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் புகும். காகிதத்திலும் துணியிலும் கண்ட அதே விலகல்தான் இங்கே சிலையாகிறது என்று உணர்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அச்சு போதுமான சூடு ஏறுமுன் நான் அவசரப்பட்டதால், என் முதல் வார்ப்பு வலக்கை இல்லாமல் வந்தது. ஐயா அதை உருக்கவிடவில்லை. கண்காட்சியின் நடுவில் அதை வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

உலைக்கு முன் நின்று என்னோடு வெந்த பட்டறைச் சகோதரர்களுக்கும், வாடகை வாங்காமல் கூடம் தந்தவர்களுக்கும், பிள்ளைகளை அழைத்துவந்த ஆசிரியர்களுக்கும் என் வணக்கம்.

அம்மா, சட்டமிட்டுக் கண்காட்சி வாசலில் வைத்திருந்த அந்த யானைப் பக்கத்தை நேற்றிரவு மீண்டும் அடுப்படிச் சுவரிலேயே மாட்டிவிட்டேன்.

நன்றியுடன்,
அரசலாற்றங்கரையிலிருந்து உங்கள் வீட்டுப் பெண்