லாகர் நொதிக்கவில்லை என்று கலங்கும் நண்பனுக்கு

அன்புள்ள கணேசா,

உன் மெயில் நேற்று இரவு வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

சரி, நீ வீட்டில் போட்ட லாகர் பீருக்கு வருகிறேன். ஈஸ்ட் போட்டு ஒன்றரை நாள் ஆகியும் ஏர்லாக்கில் (வாயுவை மட்டும் வெளியே விடும் மூடிக் குழாயில்) ஒரு குமிழிகூட இல்லை, கொட்டிவிடவா என்று கேட்டிருக்கிறாய். கொட்டாதே. ஏல், அதாவது மிதமான சூட்டில் நொதிக்கும் பீர், போட்டே பழகியவர்களுக்கு லாகர் இப்படித்தான் பயம் காட்டும். 20 டிகிரியில் ஏல் ஈஸ்ட் மறுநாள் காலையிலேயே நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். லாகர் ஈஸ்ட்டிடம் நாம் 10 டிகிரி குளிரில் வேலை வாங்குகிறோம். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை வெளியே எதுவும் தெரியாமல் இருப்பது சகஜம். அதற்காக உள்ளே அது தூங்குகிறது என்று அர்த்தமில்லை. வோர்ட்டில், அதாவது நொதிக்க வேண்டிய மால்ட் இனிப்பு நீரில், கரைந்திருக்கிற ஆக்சிஜனை எடுத்துத் தன் செல் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. அது போதுமான அளவு சேர்ந்தால்தான் பெருக முடியும்.

முதலில் ஏர்லாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதை நிறுத்து. வாளியின் மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தாலே வாயு அந்த வழியாகப் போய்விடும். தவிர, குளிர்ந்த வோர்ட் நிறைய கரியமில வாயுவைத் தனக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும். மிச்சம்தான் குமிழியாக வரும். உன்னுடையது கண்ணாடிக் குடுவை என்பதால் வசதி. அறை விளக்கை அணைத்துவிட்டு, திரவம் கண்ணாடியைத் தொடும் மேல் விளிம்பில் டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பார். கடுகைவிடச் சின்னக் குமிழிகள் ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும். நடுவே வெள்ளைத் திட்டுகள் ஒன்றிரண்டு மிதக்கும். கீழே படிந்திருக்கிற வண்டலிலிருந்து ஒரு துணுக்கு மெல்ல மேலே எழும்பித் திரும்ப இறங்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது. லேசாக அழுகிய முட்டை வாடை வந்தாலும் முகம் சுளிக்காதே; லாகர் ஈஸ்ட்டுக்கு அது இயல்பு, பின்னால் போய்விடும்.

சந்தேகத்தைத் தீர்த்து வைப்பது, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மட்டும்தான். 48 மணி நேரம் முடிந்ததும், கிருமி நீக்கிய குழாயால் கொஞ்சம் எடுத்து, அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அள. குளிராக இருக்கும்போதே அளந்தால் ஒன்றிரண்டு புள்ளி (0.001 என்பது ஒரு புள்ளி) கூடுதலாகக் காட்டும், நீயும் வீணாகப் பதறுவாய். தொடக்கத்தில் 1.048 என்று எழுதியிருந்தாய். 1.044 காட்டினால் சர்க்கரை குறைகிறது என்று அர்த்தம், கவலையை விடு. அதற்கு முன்னால் அடிக்கடி மூடியைத் திறக்காதே. ஈஸ்ட் பிடித்துக்கொண்டால் வோர்ட்டின் பிஎச் 5.2 வாக்கிலிருந்து 4.5-க்குக் கீழே இறங்கும், ஆல்கஹாலும் சேரும், பாக்டீரியாவுக்கு அங்கே இடமிருக்காது. அதுவரை அந்த இனிப்பு நீர் யாருக்கும் திறந்த வீடுதான். தாமதத்தில் எனக்கு இருக்கிற ஒரே நிஜமான பயம் இதுதான்.

ஏன் தாமதம் என்றால், காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. 20 லிட்டருக்கு ஒரே ஒரு திரவ ஈஸ்ட் பாக்கெட் என்கிறாய், அதுவும் தயாரித்து இரண்டு மாதம் ஆனது. லாகருக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (வோர்ட்டின் சர்க்கரைச் செறிவை எடை சதவீதத்தில் சொல்லும் அளவு), 15 லட்சம் செல்கள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஏலுக்கு அதில் பாதி போதும். உன் வோர்ட் ஏறக்குறைய 12 பிளேட்டோ. பெருக்கிப் பார்த்தால் 36,000 கோடி செல்கள் வருகின்றன. புது பாக்கெட்டிலேயே 10,000 கோடி சொச்சம்தான் இருக்கும், இரண்டு மாதத்தில் அதிலும் ஒரு பகுதி இறந்திருக்கும். பத்துப் பேர் தூக்க வேண்டிய பாரத்தை இரண்டு மூன்று பேர் தூக்குகிற கதை. தூக்குவார்கள், நேரமாகும்.

இப்போதைக்கு ஒன்று செய். குடுவையை 14 டிகிரிக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறக்காமல் மெல்லச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்பிவிடு. நொதித்தல் பிடித்துக்கொண்டதும் ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 10-க்கு இறக்கு. ஈஸ்ட் பயந்து படிந்துவிடும், அதனால் சட்டென்று இறக்காதே. புள்ளி இறங்கத் தொடங்கிய பிறகு காற்று மட்டும் சேர்க்கவே கூடாது. பீர் அட்டை வாடை அடிக்கும். 72 மணி நேரம் கழிந்தும் 1.048-லேயே நின்றால், இரண்டு பாக்கெட் உலர் லாகர் ஈஸ்ட் போட்டுவிடு. அதற்கு மேல் பொறுப்பதில் பயன் இல்லை.

இப்படித் தாமதமாகத் தொடங்கும் லாகரில் வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைல் மிஞ்ச வாய்ப்பு அதிகம். அதனால் 1.020-க்கு இறங்கியதும் 17 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடு. ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி மூடி, 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து ஆறவிட்டு முகர்ந்து பார். வெண்ணெய் வாசம் இல்லையென்றால்தான் குளிரில் வைக்க வேண்டும். இதில் அவசரப்படாதே.

அடுத்த தடவை ஸ்டார்ட்டர் போடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட், கொதிக்க வைத்து ஆற்றி, இரண்டு நாள் முன்பே ஈஸ்ட்டை அதில் வளர்த்துக்கொள். உன் அளவுக்கு ஒரு லிட்டர் போதாது, மூன்று நான்கு லிட்டராவது வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குடுவையின் அடி வண்டலை எடுத்து வைத்து, ஓரிரு வாரத்துக்குள் அடுத்த லாகருக்குப் பயன்படுத்து. எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். சிலர் 18 டிகிரியில் ஈஸ்ட் போட்டுவிட்டு, நுரை கண்டதும் குளிர்விப்பார்கள். சீக்கிரம் தொடங்கும், உண்மைதான். ஆனால் லாகரின் அந்தச் சுத்தமான சுவை வேண்டுமென்றால் போதுமான ஈஸ்ட்டைக் குளிரிலேயே போடு என்றுதான் நான் சொல்வேன்.

ஹைட்ரோமீட்டர் என்ன காட்டியது என்று நாளைக்கே எழுது, எண்ணை மட்டும் எழுதினாலும் போதும். பேரன் படமும் ஒன்று அனுப்பு, சின்னவள் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் முருகேசன்