சிங்கம் சாய்ந்த பத்து ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘இந்த நாணயம் உங்களிடம் இருக்கிறதா? நீங்களும் லட்சாதிபதி’ என்ற மாதிரிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு, எங்கள் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், நடுவில் சிங்கம் சாய்ந்து நிற்கும் பத்து ரூபாய் நாணயத்தை நாலாயிரம் கொடுத்து வாங்கி வந்தார். அச்சுப் பிழை என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அம்பத்தூரில் பவர் பிரஸ்ஸில் டை, அதாவது உலோக அச்சு, மாட்டுவது என் பிழைப்பு. நாணயம் சேர்ப்பது என் ஆசை. கையில் வாங்கியதுமே அது பிழை நாணயம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

பத்து ரூபாயின் வெளி வளையமும் நடு வில்லையும் தனித்தனியே அச்சாகி வருவதில்லை. வெறும் உலோகமாக ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒரே அடி. அந்த அடியில்தான் இரண்டும் இறுகிச் சேர்கின்றன, உருவமும் ஏறுகிறது. டை திரும்பியிருந்தால் அந்தப் பக்கம் முழுவதுமே திரும்பும்; வளையத்தில் உள்ள ‘பாரத்’, ‘இந்தியா’ எழுத்துகளும் சிங்கத்தோடு சேர்ந்து சாயும். எழுத்துகள் நேராக இருக்க, சிங்கம் மட்டும் சாய்ந்திருந்தால் யாரோ நடு வில்லையைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள். தம்பி வாங்கியதில் இணைப்பு ஓரத்தில் பிசிறுகூட இருந்தது.

ஓரம் கடிபட்ட நாணயத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது தகடு போதுமான அளவு நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டும் பஞ்ச் இறங்கி, பிறை போல ஒரு துண்டு குறையும். அது உண்மையான பிழை. அப்புறம் வில்லையின் விளிம்பை அழுத்தி எழுப்பும்போது, குறையுள்ள இடத்தில் பிடிமானம் இருக்காது. அதனால் அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியே இருக்கும். என்னிடம் அப்படி ஒரு ஸ்டீல் ஒரு ரூபாய் உண்டு, 4.85 கிராம் இருக்க வேண்டியது 4.5தான் நிற்கிறது. அரத்தால் ராவிய நாணயத்தில் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும். ராவியவருக்கு அதுவரை யோசிக்கத் தோன்றுவதில்லை.

டையில் விரிசல் விட்டால் அந்த இடுக்கில் உலோகம் ஏறி, நாணயத்தில் மேடான கோடாக விழும். பள்ளமான கோடு பெரும்பாலும் வெறும் கீறல்தான். ரயில் சக்கரத்தில் நசுங்கியது, தீயில் கறுத்தது, ஆசிட்டில் மெலிந்தது எதுவும் பிழை நாணயம் ஆகாது.

உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகத் தெரிந்தால் மட்டும் நிதானம் வேண்டும். அடித்த நாணயம் டையிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையின் மேல் பதிந்தால் உண்மையிலேயே அப்படி வரும். ஆனால் அந்தப் பக்கத்துக்கு உரிய உருவம் அதில் இருக்காது. உரிய உருவம் நசுங்கிக் கிடக்க, அதன் மேலேயே இன்னொன்றும் பதிந்திருந்தால் அநேகமாக இரண்டு நாணயங்களை வைஸில் (பட்டறை இடுக்கியில்) வைத்து நெருக்கியிருக்கிறார்கள்.

பழைய நாணயங்களை விற்றுத் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படியும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. அவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் என்பதுதான் எனக்கு வேதனை.

எனவே ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தியை வெளியிடும் முன் அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் நாணயத்தைக் காட்டிக் கேளுங்கள். அதன் இரு பக்கமும் விளிம்பும் தெளிவாகத் தெரியும்படி படம் போடுங்கள். எடையையும் சேர்த்து எழுதுங்கள். விற்பவர் சொல்லும் விலையைத் தலைப்பில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர்.