மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தவர்களுக்கு

மதுரைப் பெரியாஸ்பத்திரியில், மெடிசின் வார்டில், 19 நாள் என் அப்பாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

டிஸ்சார்ஜ் அன்று நன்றி சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. உங்களில் பாதிப் பேர் அன்று டூட்டியிலும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரை 20 வருடமாக இருக்கிறது. நடுவில் மாரடைப்பு வந்ததில் இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டது. அப்புறம் சிறுநீரகமும் தளர்ந்தது. இது போதாதென்று மூட்டுவலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு சீட்டு. ஒருவர் எழுதிக் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. எல்லா மாத்திரையும் ஒரே மஞ்சப்பையில் கிடந்தது.

கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கி, 108-ல் கொண்டுவந்த ராத்திரி அவருடைய பொட்டாசியம் 6.9. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய விஷயமாம் அது. இசிஜி தாளைப் பார்த்ததும் ஹவுஸ் சர்ஜன் தம்பி ஓடிய ஓட்டத்தில்தான் நிலைமை எனக்குப் புரிந்தது. முதலில் கால்சியம் ஊசி போட்டார்கள். அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்ற வந்தார்கள். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸா என்று நான் சத்தம் போட்டேன். அந்த அவசரத்திலும் மேற்படிப்புப் படிக்கும் பிஜி டாக்டர் என் கையைப் பிடித்து, "அக்கா, கால்சியம் இதயத்தைக் காப்பாத்தும். இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்துல இருந்து செல்லுக்குள்ள தள்ளும். சர்க்கரை ஒரேயடியா இறங்கிடக் கூடாதுன்னுதான் குளுக்கோஸ்" என்றார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்கு அப்புறம் நான் எதற்கும் பயப்படவில்லை டாக்டர்.

மறுநாள் காலை அந்த டாக்டர்தான் மஞ்சப்பையைக் கேட்டு வாங்கிக் கட்டிலில் கொட்டினார். பார்மசிஸ்ட் ஐயாவும் வந்து நின்றார். அட்டை அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, போர்வை மேல் வரிசை வரிசையாக அடுக்கினார்கள். மொத்தம் 14. அதில் ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்து இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று தனி மாத்திரை, இன்னொன்று வேறு மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரை. பெயர் வேறு, நிறம் வேறு. நாங்கள் இரண்டையும் தவறாமல் கொடுத்து வந்திருக்கிறோம். பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் மருந்தாம் அது. கூடவே மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் தளர்த்தியிருக்கிறது. சர்க்கரைக்குச் சாப்பிட்ட மெட்ஃபார்மினையும் இந்தச் சிறுநீரகத்தோடு தொடரக்கூடாது என்று நிறுத்தினார்கள். கடைசியில் வரிசையில் நின்றது எட்டுதான். இத்தனை வருடத்தில் அப்பாவின் மாத்திரை முழுவதையும் ஒருவர் ஒரே இடத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீர் வற்ற மருந்தைக் கூட்டினால் சிறுநீரகம் தாங்காது, குறைத்தால் நுரையீரலில் நீர் கோக்கும். இந்த இழுபறி நாலு நாள் ஓடியது. சீஃப் ஐயா, நீங்கள் இதய டாக்டரையும் சிறுநீரக டாக்டரையும் ஒரே நேரத்தில் வரவழைத்தீர்கள். மூன்று பேரும் அப்பாவின் தலைமாட்டில் நின்று பேசினீர்கள். சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, மெதுவாக நீரை எடுப்போம், தினமும் எடை பார்ப்போம் என்று முடிவாயிற்று. 68 கிலோவில் வந்தவர் 61 கிலோவில் வீடு திரும்பினார். டயாலிசிஸ் இல்லாமலே.

சிஸ்டர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி என் கையில் கொடுத்து, "இதுதான் அப்பாவுக்கு இன்னைக்கு முழுக்க. காபி குடிச்சா அந்த அளவுக்கு இதுல இருந்து கீழ ஊத்திடுங்க. கஞ்சிக்கும் ரசத்துக்கும் அப்படித்தான்" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். சொந்தக்காரர் ஆசையாக இளநீர் வெட்டி வந்தபோது, அதிலும் பொட்டாசியம் இருக்கிறது என்று சொல்லி, அவர் மனம் நோகாமல் அதை வாங்கி ஓரமாக வைத்தீர்கள்.

ஆறாம் நாள் ராத்திரி அப்பாவுக்கு நினைவு தடுமாறியது. வயலில் மடை உடைந்துவிட்டது என்று எழுந்து ஓடப் பார்த்தார், டியூபைப் பிடுங்கினார். கையைக் கட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். நைட் டூட்டி சிஸ்டர் விளக்கைப் போட்டு, முதலில் அவருடைய கண்ணாடியைத் தேடி மாட்டிவிட்டார். "மடையை அடைச்சாச்சு ஐயா. நீங்க இப்ப ஆஸ்பத்திரியில இருக்கீங்க, இந்தா பாருங்க உங்க மக" என்றார். காலையில் வெளிச்சம் படும்படி ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். பகலில் தூங்க விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆயாம்மா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தீர்களே, 19 நாளில் அப்பா முதுகில் ஒரு புண் இல்லை. பக்கத்துக் கட்டில் அக்கா, நான் குளிக்கப் போனபோதெல்லாம் அப்பாவுக்கு நீங்கள்தான் துணை. எந்த ஊசியையும் வெளியில் வாங்கி வரச் சொல்லாத வார்டு அது. 1994-ல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்ய ஒரு அரசுக் கழகம் வேண்டும் என்று யோசித்தவர்களுக்கும் சேர்த்தே கும்பிடுகிறேன்.

இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துத் தங்கச்சி எங்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார். அப்பா காலையில் பல் துலக்கியதும் எடை மெஷினில் ஏறி நிற்கிறார், நான் நோட்டில் குறிக்கிறேன். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் போன் பண்ணச் சொன்னீர்கள். இதுவரை ஏறவில்லை. மூட்டுவலிக்கு ஒத்தடம் மட்டும்தான்.

புதன்கிழமை ஓபிக்கு வருகிறோம் டாக்டர். நோட்டும் மஞ்சப்பையும் கையில் இருக்கும். "கண்ணாடி மாட்டிவிட்ட அந்தத் தாயிக்கு நான் நடந்து வர்றதைக் காட்டணும்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஜன்னலோரக் கட்டில் ஐயாவின் மகள்