'ஒரு சிறிய கிளப்' என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு பக்கம். மூன்றே முக்கால் பக்கத்தை மான்செஸ்டர் யுனைடெட் எடுத்துக்கொண்டது. மீதி இருந்த இடத்தில் இப்படி ஒரு வரி: "மான்செஸ்டருக்கு வருமுன் அவர் ஸ்காட்லாந்தில் ஒரு சிறிய கிளப்பில் பயிற்சியாளராக இருந்தார்."

அந்தச் சிறிய கிளப்புக்கு ஒரு பெயர் உண்டு. ஆபர்டீன். நான்கு எழுத்துப் பெயரைப் போட இடமில்லை. அவர் சூயிங்கம் மெல்லும் படத்துக்கு மட்டும் அரைப்பக்கம் இருந்திருக்கிறது. (ஐந்தெழுத்து. கோபத்தில் எண்ணிக்கை தவறுகிறது.)

உலக விஷயமெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் தங்களுக்கு 1983 மே 11 என்ன நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையாளருக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரம், உல்லேவி மைதானம், அடைமழை. ஐரோப்பிய நாடுகளில் கோப்பை வென்ற அணிகள் மோதும் 'கோப்பை வென்றோர் கோப்பை'யின் இறுதி ஆட்டம். எதிரே ரியல் மாட்ரிட், அவர்களுக்குப் பயிற்சியாளர் ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபனோ. இந்தப் பக்கம் இறங்கிய பதினொரு பேரும் ஸ்காட்லாந்துப் பையன்கள். எரிக் பிளாக்குக்கும் நீல் கூப்பருக்கும் பத்தொன்பது வயது. பிளாக் ஏழாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஹுவானிட்டோ பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கூடுதல் நேரம், 112வது நிமிடம். இடது பக்கத்திலிருந்து மார்க் மெக்கீ தூக்கிக் கொடுத்த பந்தை, மாற்று ஆட்டக்காரராக வந்த ஜான் ஹியூவிட் பாய்ந்து தலையால் முட்டினார். 2-1.

காலிறுதியில் பேயர்ன் மூனிக்கை மூட்டை கட்ட வைத்ததும் இதே பையன்கள்தான். அந்த டிசம்பரில் ஐரோப்பிய சாம்பியன் ஹாம்பர்கை வென்று சூப்பர் கோப்பையையும் கொண்டுவந்தார்கள். ஸ்காட்லாந்தின் பெரிய கிளப்புகளில் செல்டிக் ஐரோப்பாவில் ஒரு கோப்பை வென்றிருக்கிறது, ரேஞ்சர்ஸ் ஒன்று. இந்தச் சிறிய கிளப் இரண்டு. போகட்டும், அதே ஃபெர்குசன் 1986 நவம்பரில் அந்தப் பெரிய கிளப்புக்குப் போய் முதல் கோப்பையைத் தொட 1990 ஆயிற்று. அதையும் கட்டுரையில் காணோம்.

ஆபர்டீனின் மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். எங்கள் தஞ்சாவூர் அளவு. தஞ்சாவூரை 'ஒரு சிறிய ஊர்' என்று பெயர் போடாமல் எழுதிப் பாருங்களேன், எத்தனை கடிதம் வருகிறது என்று!

நான் இதையெல்லாம் படித்துவிட்டுச் சொல்லவில்லை. 1997இல் வட கடல் எண்ணெய் வேலைக்காக அங்கே போனவன், 2011 வரை இருந்தேன். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் கரையில். ஊரே சாம்பல் நிறக் கருங்கல். பக்கத்து வீட்டில் மீன் சந்தையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். முதல் நாள் என்னைப் பார்த்து "ஃபூஸ் யேர் டூஸ்?" என்றார். ஆங்கிலம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போன நான் முழித்தேன். 'உன் புறாக்களெல்லாம் எப்படி?' என்று அர்த்தமாம். நலமா என்று கேட்கிற வகை. 'கொத்திக்கொண்டே இருக்கின்றன' என்று பதில் சொல்ல வேண்டும். எனக்குப் புறாவும் இல்லை, பதிலும் தெரியவில்லை. பரிதாபப்பட்டு அடுத்த சனிக்கிழமை ஆபர்டீன் அணியின் பிட்டோட்ரி மைதானத்துக்குக் கூட்டிப்போனார்.

கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். நம் மார்கழி வாடையெல்லாம் அந்தக் காற்றின் முன் விசிறிக் காற்று. பொவ்ரில் என்று ஒரு மாட்டிறைச்சிச் சாறு சுடச்சுட விற்பார்கள். நான் சைவம், ஆனாலும் ஆட்டத்துக்கு ஒரு கோப்பை வாங்குவேன். கை காய்வதற்கு. ஆறியதும் பெரியவர் வாங்கிக் குடித்துவிடுவார். எனக்கு மக்ரோனி பை.

அவர் கோதன்பர்க்குக்குக் கப்பலில் போனவர். செயின்ட் கிளேர் என்ற கப்பல், ஆபர்டீன் துறைமுகத்திலிருந்தே ரசிகர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்த மழையில் கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டு சாயம் போய், அவருடைய வெள்ளைச் சட்டையின் காலரிலிருந்து தோள்வரை இளஞ்சிவப்பாக இறங்கிவிட்டது. அந்தச் சட்டையைத் துவைக்க அவர் மனைவியைக் கடைசிவரை விடவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். எனக்கு இரண்டு முறை எடுத்துக் காட்டினார். தொட விடவில்லை.

நான் போன காலம் கெட்ட காலம், ஒப்புக்கொள்கிறேன். 1999-2000இல் லீக்கில் கடைசி இடம். கீழ்ப்பிரிவு அணியான ஃபால்கிர்க்கின் மைதானம் விதிமுறைக்கு ஒத்துவராததால், மேல்பிரிவில் யார் ஆடுவது என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ரத்தாகி, அதனால் பிழைத்தோம். அதே ஆண்டு ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில், கோதன்பர்க்கில் கோல்கீப்பராக நின்ற அதே ஜிம் லெய்டன், 41 வயதில், ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் தாடை உடைந்து வெளியேறினார். மாற்று கீப்பர் பெஞ்சில் இல்லை. கோல் போட வேண்டிய ராபி விண்டர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். ரேஞ்சர்ஸ் நான்கு அடித்தது. 2008 அரையிறுதியில் இரண்டாம் நிலை அணியான குயின் ஆஃப் த சவுத்திடம் 4-3. 2010 நவம்பரில் செல்டிக்கிடம் 9-0. இதில் எதையாவது எழுதி எங்களைத் திட்டியிருந்தால்கூட வாய் திறந்திருக்க மாட்டேன். பெயரோடு திட்டியிருப்பீர்களே!

உங்கள் பத்திரிகைக்கு ஸ்காட்லாந்து என்றாலே ஒரு அலட்சியம். டன்பிளேனில் வளர்ந்த ஆண்டி மர்ரி விம்பிள்டன் வென்றபோது 'இங்கிலாந்து வீரர்' என்று தலைப்புப் போட்டீர்கள். பிட்டோட்ரி எங்கே என்று ஒரு வாசகர் கேட்டதற்குக் 'கிளாஸ்கோ' என்று கேள்வி-பதில் பகுதியில் பதில். நடுவில் சுமார் 240 கிலோமீட்டர் இருக்கிறது. ஐபிஎல் வந்துவிட்டால் பன்னிரண்டு பக்கம். யார் 'டக்அவுட்'டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் என்று படத்தோடு போடுவீர்கள். அந்த டக்அவுட் பிறந்ததே பிட்டோட்ரியில்தான் சார். 1930களில் டொனால்ட் கோல்மன் என்ற பயிற்சியாளர், ஆட்டக்காரர்களின் கால்களைத் தரைமட்டத்திலிருந்து பார்க்க, குறிப்புப் புத்தகம் நனையாமலிருக்க, பள்ளம் வெட்டிக் கூரை போட்டார். உங்கள் பன்னிரண்டு பக்கத்துக்கும் அவருக்கு ஒரு நன்றி பாக்கி.

அப்புறம் என் பழைய கடிதம். 2008 பிப்ரவரி 14 அன்று பேயர்ன் மூனிக் மறுபடி பிட்டோட்ரிக்கு வந்தது. நாங்கள் இரண்டு முறை முன்னிலை பெற்று 2-2 என்று முடித்தோம். (மூனிக்கில் 5-1 வாங்கிக்கொண்டு வந்தோம், அது வேறு.) அன்றிரவே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதி, ஏர்மெயிலில் அனுப்பினேன். தாங்களும் பிரசுரித்தீர்கள், நன்றி. "ஆபர்டீனில் பிப்ரவரி மாதம் கடும் குளிர் நிலவுகிறது என்கிறார் வாசகர்." இவ்வளவுதான் வந்தது. ஊரிலிருந்து என் மாமா போன் செய்து ஸ்வெட்டர் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

2025 மே 24 அன்று, 35 ஆண்டுக்குப் பிறகு, ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றோம். செல்டிக்குடன் 1-1, பெனால்டியில் 4-3. அலிஸ்டர் ஜான்ஸ்டன் அடித்த கடைசிப் பந்தை டிமிடார் மிடோவ் தடுத்தபோது நான் போட்ட சத்தத்தில், வீட்டில் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். பெரியவர் இல்லை, போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. அவர் மகளுக்குப் போன் செய்தேன். அந்தச் சட்டை அவளிடம்தான் இருக்கிறதாம். உறையைப் பிரித்து நாற்காலியில் மாட்டி வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தாளாம். மறுநாள் உங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். ஒரு வரி இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் 'திருத்தம்' பகுதியில், 'ஒரு சிறிய கிளப்பில்' என்பதை 'ஆபர்டீனில்' என்று திருத்தி வாசிக்கவும் என்று ஒரு வரி போட்டால் போதும். டீ நெடில்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து இந்த முறை குளிரை வெட்டிவிட்டுக் கோதன்பர்க்கை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
முப்பதாண்டு வாசகன்,
தஞ்சாவூர்.