கிளாஸின் பெயரைக் கேட்காதீர்கள், திறனைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொருள்நோக்கு நிரலாக்கம் பற்றித் தங்கள் கல்விப் பகுதியில் வெளிவந்த கட்டுரை, மாறிகளை எப்போதும் இன்டர்ஃபேஸ் (என்னென்ன செயல்பாடுகள் இருக்கும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்) வகையிலேயே அறிவிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. நல்ல அறிவுரைதான். ஆனால், ஒரு கிளாஸுக்கு (அந்தச் செயல்பாடுகளைச் செய்துகாட்டும், பொருள்களை உருவாக்க உதவும் வார்ப்புக்கு) மட்டுமே உரிய செயல்பாடு தேவைப்படும்போது என்ன செய்வது என்பதை அது விளக்கவில்லை. மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

ஜாவா நிரல்மொழியில் பட்டியலுக்கான லிஸ்ட் இன்டர்ஃபேஸை எடுத்துக்கொள்வோம். அர்ரேலிஸ்ட், லிங்க்டுலிஸ்ட் என்ற இரு கிளாஸ்களும் அதன்படி அமைந்தவை. குறிப்பிட்ட இடத்து உறுப்பைத் தரும் 'கெட்' மெத்தட் (செயல்பாடு) இரண்டிலும் ஒரே விடையைத் தரும். ஆயினும் முன்னதில் எந்த இடத்து உறுப்பையும் நேரடியாக எடுக்கலாம். பின்னதில் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்தே அதை அடைய முடியும் என்பதால், நீண்ட பட்டியலை இட எண் கொண்டு முழுவதும் வாசிக்கும் நிரல் மிகவும் மெதுவாகிவிடும். இந்த வேறுபாடு மெத்தட்டின் அறிவிப்பில் தெரியாது. அதனால்தான் ஜாவா 1.4 பதிப்பில், உறுப்புகளை விரைவாக நேரடியாக எடுக்கலாம் என்பதற்கு அடையாளமாக மட்டும், மெத்தட் எதுவுமே இல்லாத 'ரேண்டம்ஆக்சஸ்' என்ற இன்டர்ஃபேஸ் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இருகூறு தேடல் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுதல்) நடத்தும் ஜாவா நூலக நிரலே, தனக்குக் கிடைத்த பொருள் அந்த இன்டர்ஃபேஸைச் சேர்ந்ததா என்று, வகையைச் சோதிக்கும் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' மூலம் பார்த்து, அதற்கேற்ற வழியைத் தேர்கிறது. அது கிளாஸின் பெயரைக் கேட்பதில்லை, திறனையே கேட்கிறது. ஆகவே நாளை வேறொருவர் எழுதும் புதிய பட்டியல் கிளாஸும் அந்த நிரலைத் திருத்தாமலே பயன்பெறும்.

மாணவர்களின் நிரல்களில் நான் காண்பது வேறு. ஒரு கிளாஸின் தனி மெத்தட்டைப் பொது இன்டர்ஃபேஸிலேயே சேர்த்துவிட்டு, மற்ற கிளாஸ்களில் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அல்லது கிளாஸ் பெயர்களைச் சோதிக்கும் 'இஃப்' வரிகளை நிரலெங்கும் பரப்பிவிடுகிறார்கள். இரண்டுமே பின்னர் பராமரிப்பவரை வாட்டும். அந்தத் திறனுக்கென ஒரு சிறிய தனி இன்டர்ஃபேஸ் அமைத்தால் போதும். மிகுதியான இடத்தை விடுவிக்கும் அர்ரேலிஸ்டின் 'டிரிம்டுசைஸ்' போல, லிஸ்ட் இன்டர்ஃபேஸில் இல்லாத வேலையாயின், பொருளை உருவாக்கும் மெத்தட்டுக்குள் அதை அர்ரேலிஸ்டாகவே வைத்து வேலையை முடித்து, வெளியே லிஸ்டாகத் திருப்பி அனுப்பலாம். அது விதிமீறல் அன்று.

வகைகள் முன்பே வரையறுக்கப்பட்டு, இனி புதிதாக எதுவும் சேராது என்ற நிலையில் மட்டும், வகையைச் சோதித்துப் பிரிப்பது பொருந்தும். 2021-இல் வந்த ஜாவா 17-இன் 'சீல்டு' வசதி (ஒரு வகையின் கீழ் நேரடியாக வரக்கூடியவை எவை என்று வரையறுப்பது) அதற்கானதே. இவற்றை உரிய எடுத்துக்காட்டுகளோடு அடுத்த கட்டுரையில் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிரலாக்கம் கற்பிக்கும் வாசகர்