மல்லிக்கு, நைட் டூட்டி முடிஞ்ச கையோட

மல்லி,

உன் வாய்ஸ் மெசேஜ் மூணையும் பஸ்லயே கேட்டுட்டேன், பதில் போட இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுது, கோச்சுக்காத. பதினாறு வருஷம் லேபர் வார்டுல குப்பை கொட்டிட்டு இப்ப போய் தாலுகா ஆஸ்பத்திரி காசுவாலிட்டில தூக்கிப் போட்டுட்டாங்களேன்னு நீ பொலம்புறது நியாயந்தான். பிரசவத்துல எவ்ளோ ரத்தம் போனாலும் அசராதவ, தலையில அடின்னு ஒருத்தனத் தூக்கிட்டு வந்தா கை நடுங்குதுங்கற. எனக்கு அப்டியே உல்டாடி, இன்னைக்கும் பனிக்கொடம் ஒடஞ்சுதுன்னா நான் ஓடிப்போயிடுவேன்.

தலையில அடிபட்டு வர்றவங்கள எப்படிப் பாக்குறதுன்னு நீ கேட்டதுக்கு வர்றேன். ஆளுக்கு நெனவு எவ்ளோ இருக்குன்னு மார்க் போடுற கிளாஸ்கோ கோமா ஸ்கேல், அதான் ஜிசிஎஸ், நாம படிச்சப்ப அத மனப்பாடமா ஒப்பிச்சோம்ல, கண்ணுக்கு 4 பேச்சுக்கு 5 கைகாலுக்கு 6, மொத்தம் 15, கொறஞ்சது 3. கிளாஸ்கோவுல டீஸ்டேல்னும் ஜென்னட்னும் ரெண்டு டாக்டருங்க 1974ல கொண்டு வந்தது. அப்ப அது பரீட்சைக்கு, இப்ப அதாண்டி நம்ம சோறு. ஒண்ணு மட்டும் சொல்றேன், மொத்தத்த மட்டும் கேஸ் ஷீட்ல எழுதி வெக்காத. "ஜிசிஎஸ் 9"ன்னு நீ எழுதிட்டுப் போனா அடுத்த டூட்டிக்கு வர்றவளுக்கு ஒரு மண்ணும் புரியாது, 9 எத்தன விதமா வேணா வரும். கண்ணுக்கு ஈ எவ்ளோ, பேச்சுக்கு வி எவ்ளோ, கைகாலுக்கு எம் எவ்ளோன்னு பிரிச்சு எழுது. அதுல எம்முதான் ராஜா. புருவத்துக்கு மேல அழுத்திப் பாரு, கை கழுத்தெலும்பத் தாண்டி மேல வந்து உன் கையத் தட்டி விட்டா 5, சும்மா மடக்கி இழுத்துக்கிட்டா 4, அதுக்கும் கீழ போச்சுன்னா டாக்டர எழுப்பாம நகராத. மொத்தம் 8ம் அதுக்குக் கீழயும்னா ட்யூப் போட்டு மூச்சுக்கு வழி பண்ணித்தான் அனுப்பணும்.

ஆனா நம்பர் ஒரு தடவ எடுக்கறதுல ஒண்ணுமே இல்லடி. போன மழைக்காலத்துல ஒரு பையன் வந்தான், இருவத்தஞ்சு வயசு இருக்கும், ஹெல்மெட் வண்டி டேங்க் மேல இருந்துச்சாம், தலையில இல்ல. நைட் பதினொரு மணி. வாய்ல சரக்கு வாடை குப்புன்னு அடிக்குது, காதுக்கு மேல வீக்கம், ஆனா நல்லா பேசுறான், என் போன் எங்கன்னு கேக்குறான், கொஞ்சம் கொழப்பமா பேசுனான் அவ்ளோதான், 14 போட்டேன். கூட வந்தவனுங்க "நல்லாத்தான்கா இருக்கான், கூட்டிட்டுப் போயிடுறோம், போத தெளிஞ்சா சரியாயிடும்"ங்கறானுங்க. வார்டுல ஒத்தாசைக்கு இருக்கற எம்என்ஓ அண்ணன்கூட "தண்ணி கேஸு சிஸ்டர், தூங்கட்டும்"னார். எனக்கும் அன்னைக்கு ஏழு கேஸு, விட்டுடலாம்னுதான் தோணுச்சு, பொய் சொல்லல. சுகர் பாத்தேன், 110. அப்ப சுகர் கொறஞ்சு வந்த கொழப்பமும் இல்ல. அரைமணில எழுப்பிப் பாத்தேன், 14. அடுத்த அரைமணில கொறட்ட விட்டான் பாரு, அந்தக் கொறட்டையே சரியில்ல. எழுப்புனா கண்ணத் தெறக்க மாட்டேங்கறான், ஒரு தடவ வாந்தி, டார்ச் அடிச்சா எடது கண்ணு பாப்பா பெருசா நிக்குது, சுருங்கவே இல்ல. பல்ஸ் 52, பிபி 170. பிபி ஏறி பல்ஸ் எறங்குனா மண்டைக்குள்ள ப்ரஷர் ஏறுதுன்னு படிச்சோமே, குஷிங்னு, அத அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்.

டாக்டர் ஓடி வந்து ட்யூப் போட்டு, மண்டைக்குள்ள ப்ரஷரக் கொறைக்க மேனிடால் ஓட விட்டு, சிடி ஸ்கேன்ல பாத்தா லென்ஸ் மாதிரி வெள்ளையா ரத்தம். பொட்டுல எலும்பு ஒடஞ்சு அதுக்கு உள்பக்கமா ஓடுற ஆர்ட்டரி கிழிஞ்சிருக்கு, மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் கட்டுறது, எக்ஸ்ட்ரா ட்யூரல்னு படிச்சோமே அது. நடுவுல நல்லா பேசுனானே, அந்த நேரம்தான் ஏமாத்துற நேரம். 108ல ஏத்தி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி விடிய விடிய ஆபரேஷன். ஒண்ணர மாசம் கழிச்சு இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கு ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் (ஏஆர்) காப்பி வேணும்னு அவனே நேர்ல வந்து நிக்கிறான், மண்டையில கேள்விக்குறி மாதிரி தழும்பு. என்னை யாருன்னே தெரியல அவனுக்கு. "இங்க கையெழுத்து யாருகிட்ட போடணும்"னு கேட்டான், அந்த ஜன்னல்ல போய் கேளுப்பான்னு அனுப்பி வெச்சேன்.

அதனால தண்ணி கேஸுன்னு எவனாவது சொன்னா காதுலயே வாங்காத. ஜிசிஎஸ் 15க்கு வர்ற வரைக்கும் அரைமணிக்கு ஒருக்கா எழுப்பிப் பாரு, வந்தப்புறமும் ரெண்டு மணி நேரம் அரைமணிக்கு ஒருக்கா, அப்புறம் நாலு மணி நேரம் மணிக்கு ஒருக்கா. கடுப்பாத்தான் இருக்கும்.

உங்க ஆஸ்பத்திரில சிடி இல்லங்கற. அப்ப படம் எடுக்கன்னு வெளிய ஒரு சென்டருக்கு அனுப்பி, ரிப்போர்ட் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, நியூரோ சர்ஜன் இருக்கற எடத்துக்கு நேரா அனுப்பச் சொல்லு. அதுக்கு முன்னாடி ஆக்ஸிஜனும் பிபியும் எறங்க விடாத, அடிபட்ட மூளைய ரெண்டாவது தடவ அடிக்கறதே அது ரெண்டுந்தான். சாச்சுரேஷன் 90க்குக் கீழ போகவே கூடாது. கழுத்துக்கு காலர், தலைமாடு 30 டிகிரி, கழுத்த மடக்காம கட்டிலயே சாய்ச்சு வை. ட்ரிப்ஸ்னா நார்மல் சலைன்தான், சக்கரத் தண்ணி டெக்ஸ்ட்ரோஸ் வேணாம், மூளை வீங்கும், சுகர் கொறஞ்சிருந்தா மட்டும் அது வேற கத. மூக்குலயோ காதுலயோ தண்ணியா ஒழுகுது, ரெண்டு கண்ணச் சுத்தியும் கருப்பு கட்டிருக்குன்னா வயித்துக்கு விடுற ரைல்ஸ் ட்யூப மூக்கு வழியா விட்டுடாத தாயே, வாய் வழியா விடு. ரத்தக்கசிவ நிறுத்துற ட்ரானெக்ஸா ஊசி, அடிபட்ட மூணு மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பிரயோஜனம், பத்து நிமிஷத்துல 1 கிராம், டாக்டருக்கு ஞாபகப்படுத்து. நாம படிக்கறப்ப தலைல அடின்னாலே டெக்ஸான்னு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்களே, அத மறந்துடு. பத்தாயிரம் பேர வெச்சு பாத்து 2004லயே சொல்லிட்டாங்க, ஸ்டீராய்டு போட்டவங்கதான் அதிகமா செத்தாங்கன்னு. இன்னமும் சில எடத்துல பழக்கத்துல கைய நீட்டி கேக்குறாங்க.

சொந்தக்காரங்க காசுக்குப் பயந்து எழுந்து போகப் பாப்பாங்க, ரோடு ஆக்சிடென்ட்னா இன்னுயிர் காப்போம் திட்டத்துல மொதல் 48 மணி நேரம் செலவ ஒரு வரம்பு வரைக்கும் கவர்ன்மென்ட் பாத்துக்கும்னு மொதல்லயே சொல்லிடு, எந்த ஊர்க்காரனா இருந்தாலும் உண்டு.

இவ்ளோ பேசுறேன்ல, இப்ப என் வண்டவாளத்தக் கேளு. எங்க மாமனார் ஆடி மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு. 74 வயசு, ஹார்ட்டுக்கு ரத்தம் கட்டாத மாத்திர வேற. லேசா பொடச்சிருந்துச்சு, ஐஸ் வெச்சேன், வாந்தி இல்ல, சரின்னு விட்டுட்டேன். மூணு வாரம் கழிச்சு எடது கால் செருப்பு மட்டும் கழண்டு கழண்டு விழுது, சட்ட பட்டன மாத்தி மாத்தி போடுறாரு, பேரன் பேர மறக்குறாரு. அத்த "வயசாயிடுச்சு"ன்னாங்க, நானும் ஆமான்னேன். ஆஸ்பத்திரில முன்னூறு பேர எழுப்பி எழுப்பிப் பாக்குறவ, வீட்டுல தெனம் காபி குடுக்குற ஆள நிமிந்து பாக்கலடி. கடசில எங்க வீட்டுக்காரர்தான், செருப்பு ஏன் ஒரு கால்ல மட்டும் கழலுதுன்னு கேட்டாரு. சிடி எடுத்தா வலது பக்கம் பெறை மாதிரி பழைய ரத்தம், மூள ஒரு பக்கமா தள்ளியிருக்கு. வயசானவங்களுக்கு மூள சுருங்கி சின்ன ரத்தக்கொழாய் இழுபட்டு நிக்கும், லேசா இடிச்சாலே கசியும், வாரக்கணக்குல சேரும், எனக்குத் தெரியாததா இது. மண்டையில ரெண்டு ஓட்ட போட்டு எடுத்துட்டாங்க. மறுநாளே எடது கால நல்லா நீட்டுனாரு.

இப்ப தெருவுல எவன் வந்தாலும் "எம் மருமக பெரிய நர்ஸு, என் மண்டைய மட்டும் பாக்க மாட்டா"ன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. சிரிக்கட்டும்.

ஜிசிஎஸ் சார்ட்ட போட்டோ எடுத்து அனுப்புறேன், ஜெராக்ஸ் போட்டு டேபிள்ல ஒட்டிக்க. டார்ச் நீயே சொந்தமா ஒண்ணு வாங்கிக்க, ஆஸ்பத்திரி டார்ச்சுல பேட்டரி இருந்து நான் பாத்ததே இல்ல. பொண்ணு பரீட்ச எப்பன்னு எழுதவே இல்லையே நீ?

உன்
சாந்தி