இரண்டாம் பருவ நிறைவு: சில செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. தேர்வுகள் குறித்த நாளில் நடந்தன. திருத்திய விடைத்தாள்கள் மாணவர்களிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. பேச்சு, ஓவியம் இரண்டிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்துள்ளன. வென்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், மின்னணு மன்றம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தில் கையடக்க கேம் கன்சோல் ஒன்றைத் தாங்களே பூட்டிச் செய்யத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். கிட் பெட்டியில் இருப்பது ஒரு வெற்று சர்க்யூட் போர்டு, கன்சோலின் மூளையான ஏடிமெகா328 சிப், பொத்தான்கள், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள், மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்கள், சின்ன ஸ்பீக்கர், ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு திரை. திரை உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். பழைய நோக்கியா 5110 போனில் இருந்த அதே வகை; அகலத்தில் 84 புள்ளி, உயரத்தில் 48. சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட் இடம், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகம். இன்றைய போனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் கொள்ளாது. ஆனாலும் பாம்பு விளையாட்டு தாராளமாக ஓடும். எந்தப் பாகமும் மூடி மறைக்கப்படாமல், எல்லாக் கால்களும் போர்டின் துளை வழியாக மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் இந்தக் கிட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

விடுமுறையில் பாதி முடிந்த கிட்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்தவற்றைப் பார்த்து மன்ற ஆசிரியருக்கு முதலில் ஒரே மகிழ்ச்சி. பாகங்களின் கால்களைப் போர்டோடு இணைக்க உருக்கி வைக்கும் உலோகம்தான் சால்டர்; அது ஒவ்வொரு காலிலும் சின்னக் கூம்பாக, அளவெடுத்து வைத்ததுபோல இருந்தது. கால்கள் ஒரே உயரத்தில் நறுக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தச் சால்டர் கூம்புகள் பளபளவென்று மின்னின. மன்றத்தில் நாங்கள் கொடுப்பது ஈயம் கலக்காத சால்டர். அது உறைந்தபின் பெரும்பாலும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். இப்படி மின்னுவது ஈயம் கலந்த பழைய ரகம். 183 டிகிரி செல்சியஸிலேயே உருகும், வேலையும் சுலபம். மன்றத்தில் இல்லாத சால்டர் போர்டில் எப்படி வந்தது?

ஆசிரியர் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, உருளை வடிவக் கெப்பாசிட்டரைக் காட்டி, "இதன் பக்கவாட்டில் ஒரு பட்டைக் கோடு இருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்டார். அது மைனஸ் கால் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் கோடு. மாற்றிப் போட்டால் கெப்பாசிட்டர் கெட்டுவிடும். மாணவன் கோட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அப்பா போட்டார் சார்" என்றான்.

நல்ல வேலைதான், மறுக்கவில்லை. சில போர்டுகளைப் பார்த்தபோது, அந்தத் தந்தையரையே மன்றத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

அதே மேசையில் இன்னொரு போர்டும் இருந்தது. அந்த மாணவியின் சால்டர் எல்லாம் திட்டுத்திட்டாக, பார்க்கச் சுமார்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து வேலை செய்தது. அவள் மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியை, இரண்டு இடங்களுக்கு இடையே இணைப்பு இருந்தால் பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, சிப்பைச் செருகும் சாக்கெட்டின் கால்களை இரண்டிரண்டாகத் தொட்டுக்கொண்டே போனாள். பீப் வரக்கூடாத ஓரிடத்தில் வந்தது. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இரண்டு கால்களுக்கு நடுவே முடி அளவுக்கு ஒரு சால்டர் பாலம். செம்புப் பின்னலை அதன்மேல் வைத்துச் சூடு காட்டி, மிச்சத்தை உறிஞ்சி எடுத்தாள். இப்போது மன்றத்தில் யாருடைய போர்டு மக்கர் செய்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் பக்கமும் புரிகிறது. முந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் சால்டரிங் அயர்ன் முனையைப் பிள்ளை கையில் கொடுக்க மனம் வராது. பிள்ளை ஒரு ரெசிஸ்டரைப் போடுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். செய்து காட்டலாம் என்று ஒன்றைப் போட்டால், கை பத்தாவதில்தான் நிற்கும். சால்டரிங் அப்படிப்பட்ட வேலை. இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை.

ஆனால் பேட்டரி விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. திரும்பி வந்த ஒரு கிட்டில் எங்களுடைய பேட்டரிக்குப் பதிலாக வேறொன்று இருந்தது. பிளக் கச்சிதமாகப் பொருந்தும். சிவப்பும் கறுப்பும் மட்டும் இடம் மாறியிருந்தன. இந்தச் சின்ன பிளக்குகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், பிளஸ் எந்தப் பக்கம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மாட்டும் முன் ஆசிரியர் மல்டிமீட்டரில் பார்த்தார், எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தது. அதனால் தப்பித்தோம். அப்படியே மாட்டியிருந்தால் சார்ஜ் ஏற்றும் பகுதி கருகியிருக்கும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கக்கூடும், அதுவும் ஒரு பிள்ளையின் புத்தகப் பைக்குள்.

ஆகவே, அடுத்த பருவம் முதல் நாளிலிருந்து கிட் எதுவும் வீட்டுக்கு அனுப்பப்படாது. பேட்டரிகள் பள்ளியிலேயே இருக்கும், மன்ற நேரத்தில் மட்டும் மாட்டப்படும். வெளியிலிருந்து பேட்டரி கொண்டுவந்தால் பெற்றோரை வரவழைத்து நேரில்தான் ஒப்படைப்போம். வேறொருவர் கைவைத்த போர்டு மதிப்பீட்டுக்கு ஏற்கப்படாது. அந்த மாணவர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சிப் போர்டு தருகிறோம். அதில் ரெசிஸ்டரும் சாக்கெட்டும் தாங்களே போட்டுக் காட்டிவிட்டுத் தங்கள் கன்சோலைத் தொடரலாம். பாட வேளையில் கன்சோல் கண்ணில் பட்டால், மாலை மணி அடிக்கும்வரை அது என் மேசையில் இருக்கும். (பாம்பு விளையாட்டில் என் ஸ்கோரைப் பற்றி மாணவர்கள் பேசிக்கொள்வதை நம்ப வேண்டாம்.)

ஈயம் கலந்த சால்டரை வீட்டில் பயன்படுத்தியிருந்தால், அந்த மேசையைத் துடைத்துவிடுங்கள். பிள்ளைகள் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். எந்த ரகமாக இருந்தாலும் புகையை நேராக முகர வேண்டாம். அது, சால்டர் நன்றாகப் பற்றுவதற்காகச் சேர்க்கும் ஃபிளக்ஸ் எரியும் புகை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சரி, உதவ வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று வரிசையாகப் பட்டைகள் இருந்தால் எத்தனை ஓம் என்று கேளுங்கள்; பத்தாயிரம் என்று சொல்ல வேண்டும். சிப்பின் ஒரு முனையில் இருக்கும் பள்ளம் எதற்கு, ஏன் உயரம் குறைந்த பாகங்களை முதலில் போடுகிறோம், சரியாகப் பற்றாத டிரை சால்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். விளக்கும்போது தடுமாறினால் விட்டுவிடுங்கள், மறுநாள் மன்றத்தில் தேடித் தெரிந்துகொள்வார்கள். அடுத்த பருவத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பெற்றோரும் வந்து பக்கத்தில் உட்காரலாம். நிபந்தனை ஒன்றுதான்: சால்டரிங் அயர்ன் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கும் கை துறுதுறுவென்று இருந்தால், பெற்றோருக்கென்றே சில பயிற்சிப் போர்டுகளை எடுத்து வைக்கிறோம்.

பிள்ளை தடுமாறியபோதும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்கு என் தனி நன்றி. உங்கள் வீட்டுப் போர்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது. மன்றத்துக்கு மேசை விளக்குகளும் புகை உறிஞ்சும் விசிறியும் தந்து உதவியவர்களுக்கும், இந்தப் பருவம் முழுவதும் எங்களோடு ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளன்று மாணவரிடம் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் கிட்டின் பேட்டரி இருந்தால், போர்டிலிருந்து கழற்றி, அதன் பிளக்கில் டேப் ஒட்டி, அன்றே நீங்கள் நேரில் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். உப்பியிருந்தால் எடுத்து வர வேண்டாம். தொலைபேசியில் சொல்லுங்கள், என்ன செய்வது என்று சொல்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்